நாய் தொப்பென்று விழுந்து படுக்கக் கற்றுக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் நாய் படுப்பது யார் காதிலும் விழாது. விலங்குகள் எல்லாம் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆடு பசிக்கிறது என்று சொல்லும், காகம் ஊர்வம்பு பேசும், எறும்புகூடக் கேட்டால் பதில் சொல்லும். நாயும் நன்றாகத்தான் பேசும். ஆனால் படுக்கும்போது மட்டும் முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, வாலைச் சுருட்டி, ஈரத்துணியை மெதுவாகத் தரையில் வைப்பதுபோலப் படுக்கும். நின்ற நாய் எப்போது படுத்தது, படுத்த நாய் எப்போது எழுந்து போனது என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. அது ஒரு குற்றம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. முதலில் சொன்னவள் வெயிலுகந்தாள்தான்.

வெயிலுகந்தாள் செம்மணல் மேடான தேரிக்காட்டின் ஓரத்தில், கடற்காற்று எட்டும் தூரத்தில் இருந்த ஒரு பனைவிளையில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிறவள். அவள் புருஷன் தங்கப்பழம் பனையேறி. விடிந்தால் மரத்தின் மேல் இருப்பான், இறங்கினால் கலயத்தோடு வருவான். காவோலை வேய்ந்த ஒரு குடிசை, அதற்குள் மண் அடுப்பு, அடுப்பின்மேல் பதநீர் காய்ச்சும் பெரிய தாச்சி, அதற்கும் மேலே புகை படும் உயரத்தில் ஒரு பரண். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறிய கருப்பட்டிகள் அந்தப் பரணில் அடுக்கி இருக்கும். பனை ஓய்ந்து மழை பிடித்துவிட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. பரணில் இருப்பதை ஆற்றங்கரை ஊர்களுக்குக் கொண்டுபோய் நெல்லாக மாற்றி வந்தால்தான் மழைக்காலம் முழுவதும் அடுப்பு எரியும். அதனால் ஒவ்வொரு கருப்பட்டியும் அவள் கண்ணுக்குக் கஞ்சியாகத்தான் தெரியும்.

கைவேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. மனசுதான் கொஞ்சம் கோணல். யாரையும் நம்பமாட்டாள். தன் கருப்பட்டி காயக்கூடாது என்றே சூரியன் சீக்கிரம் இறங்குகிறான் என்பாள். காற்று திசை மாறிப் புகை கண்ணில் பட்டால், யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள் என்பாள். தங்கப்பழம் பனை உச்சியில் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டால், அங்கிருந்து அடுத்த விளையில் யாரைப் பார்க்கிறான் என்று கீழிருந்தே விசாரணை தொடங்கிவிடும். அவன் பதில் சொல்லமாட்டான். சொன்னால் அந்தப் பதிலையும் அவள் சந்தேகப்படுவாள் என்று கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டவன்.

அவர்களிடம் ஒரு நாய் இருந்தது. புகை நிறத்தில் இருந்ததால் புகையன் என்று பெயர். ஆடும் காகமும் குடிசைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. மற்ற நேரத்தில் வெயிலுகந்தாளுக்குப் பின்னால், வாசல் நிழலில் படுத்திருக்கும். சத்தமில்லாமல்தான்.

ஒருநாள் மதியம் அவள் பரணை எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த கருப்பட்டிகள் ஈரமாக மினுங்கின. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழப்பாகி, கல்மாதிரி இருக்க வேண்டிய கருப்பட்டி குளித்துவிட்டு வந்ததுபோல உட்கார்ந்திருந்தது. அவள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ நக்கியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள். நக்குவதற்கு நாக்கு வேண்டும், அந்தக் குடிசையில் நீளமான நாக்கு யாருக்கு இருக்கிறது என்று திரும்பினாள். வாசலில் புகையன் படுத்திருந்தான். சற்றுமுன் பார்த்தபோது அவன் அங்கே இல்லை. எப்போது வந்தான், எங்கிருந்து வந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமை ஒன்றே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இருந்தாலும் நியாயமாக விசாரிக்க வேண்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டாள். அணில் தான் பனம்பழத்தைத் தவிர எதையும் தொடுவதில்லை என்றது. காகம் தனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது என்று சொல்லிவிட்டு, ஆரம்பிக்காமலே பறந்துபோனது. எறும்புகள் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லின. பரணிலிருந்து கீழே சிந்தியதைத்தான் தாங்கள் தின்றோம் என்றன. சிந்தியது யார் என்று கேட்டாள். யாரும் சிந்தவில்லை, அதுவாகவே சிந்துகிறது என்றன. அதுவாகவே சிந்துகிறதாம் என்று வெயிலுகந்தாள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். எறும்புகளும் நாயிடம் ஏதோ வாங்கித் தின்றிருக்கின்றன என்று அவளுக்குப் பட்டது.

புகையன் தான் நக்கவில்லை என்று சொன்னான். பரணில் ஏறியதே இல்லை என்றான். குடித்த கஞ்சியின்மேல் சத்தியம் செய்தான். சத்தியம் செய்கிறவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு.

அவள் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பரணுக்குக் கீழே தூவி வைத்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் சாம்பல் தூவியது தூவியபடியே இருந்தது, மேலே கருப்பட்டி பழையபடி ஈரமாக இருந்தது. வேறு யாராவது என்றால், நாய் வரவில்லை என்று நினைத்திருப்பார்கள். தடம்கூடப் பதியாமல் வந்து போகிறான், இவன் சாதாரணக் கள்ளன் இல்லை என்று அவள் சொன்னாள். வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தாள். இனிப்பு வாசனை அடித்தது. கலயத்தின் அடியில் மிஞ்சும் பதநீரைத் தங்கப்பழம் தினமும் ஒரு ஓலைப்பட்டையில் ஊற்றி நாய்க்கு வைப்பதை அவளே பார்த்திருக்கிறாள். ஆனால் சந்தேகம் வந்த பிறகு, பார்த்ததெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது? மல்லாக்கப் புரட்டி வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். வயிறு கனமாக இருந்தது. அதில் இருந்தது அவளே காலையில் ஊற்றிய கஞ்சிதான்.

பனைநார்க் கயிற்றால் அவனை வெளியே ஒரு மரத்தில் கட்டிப் பார்த்தாள். அப்போதும் கருப்பட்டி ஈரமானது. கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் நக்கிவிட்டு, திரும்பி வந்து கட்டிக்கொள்கிறான் என்றாள். கையில்லாத நான் எப்படி முடிச்சுப் போடுவேன் என்று புகையன் கேட்டான். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

“அப்படின்னா உனக்கு முடிச்சுப் போட்டுத் தர ஒரு ஆளு இருக்கு” என்றாள்.

கைகள் உள்ள ஆள் அந்த விளையில் இன்னொருவன்தான். அன்று சாயங்காலம் தங்கப்பழத்துக்கு வைத்த கஞ்சிச் சட்டி தரையில் ணங்கென்று உட்கார்ந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனுடைய மீசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் குடித்துவிட்டு எழுந்து போனான்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது பதநீர் காய்ச்சுவது நிற்குமா? நிற்காது. தினமும் காய்ச்சியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். பதநீர் காய்ச்சுவதில் ஒரு சங்கடம் உண்டு. முதலில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் கவலையில்லை, அடுப்புக்குள் ஓலையைத் தள்ளிவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கலாம். கடைசியில் பாகு கெட்டியாகி, நுரை சுருங்கி, நிறம் மாறும் நேரத்தில் மட்டும் தாச்சியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கரிந்துவிடும், கொஞ்சம் முந்தினால் பதம் வராது.

சரியாக அந்த நேரத்தில்தான் வெயிலுகந்தாளுக்கு முதுகு குறுகுறுக்கும். பின்னால் படுத்திருக்கிறானா, எழுந்து போய்விட்டானா? “ஏல புகையா, இருக்கியா?” என்று கூப்பிடுவாள். “இருக்கேம்மா” என்று பதில் வரும். குரல் வந்தால் போதுமா? குரல் வாசலிலிருந்தும் வரும், பரணுக்குக் கீழே இருந்தும் வரும். திரும்பிப் பார்த்தாலும் நிழலும் நாயும் ஒரே நிறம், ஒன்றும் தெரியாது. எழுந்து போய்ப் பார்த்தால்தான் நிச்சயம். போய் வருவதற்குள் பாகு கரிந்துவிடுமே என்று பயந்து, தாச்சியை அவசரமாக இறக்கிவைத்துவிட்டு ஓடுவாள். புகையன் படுத்த இடத்திலேயே படுத்திருப்பான். இந்தத் தடவை தப்பித்துக்கொண்டான் என்று முணுமுணுத்தபடி வந்து, இறக்கியதை அப்படியே சிரட்டைகளில் ஊற்றிவிடுவாள். கருப்பட்டி ஈரமாவதற்கு முன்பும் நாய் காவலில் இருக்கிறதா என்று அவ்வப்போது இப்படி ஓடியவள்தான், இப்போது தினமும் இதே ஓட்டம்.

மினுங்கும் கருப்பட்டிகள் ஒவ்வொரு நாளும் கூடின. பின்வரிசையிலும் ஈரம் ஏறியது. ஆற்றங்கரைக்காரர்கள் இதைப் பார்த்தால் நெல் தரமாட்டார்கள், திரும்பிப் போகச் சொல்வார்கள். மழைக்காலத்தை நினைத்து அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அழுகை வந்ததும் கோபமும் வந்தது. புருஷனைக் கூப்பிட்டாள்.

“இந்த நாய் இங்க இருந்தா நான் இருக்க மாட்டேன். எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். நீங்களும் அவனும் சேந்து எல்லாத்தையும் நக்கித் தின்னுங்க.”

நாயின்மேல் தங்கப்பழத்துக்குப் பிரியம் உண்டு. ஆனால் நாய்க்காகப் பேசினால் முடிச்சுப் போட்டுக் கொடுத்த ஆள் இவன்தான் என்பது உறுதியாகிவிடும். கடைசியில், மத்தியானப் பதநீரை இறக்கிக் கொடுத்துவிட்டு, நாயைத் தேரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவருகிறேன் என்றான். தேரிக்கு அந்தப் பக்கம் செம்மண் மேடும் முள்ளும்தான், தண்ணீர் கிடையாது. குள்ளநரிகள் உண்டு. வீட்டில் வளர்ந்த நாய் அங்கே ஒரு வாரம் தாங்காது. புகையன் வாசலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று காலையில் இறக்கிய பதநீர் தாச்சியில் கொதித்தது. நேரம் ஆக ஆக நுரை சுருங்கியது. வெயிலுகந்தாள் துடுப்பைப் பிடித்தபடி, வழக்கம்போலக் கேட்டாள்.

“ஏல, இருக்கியா?”

பதில் இல்லை. தாச்சியை இறக்கிவைக்கத் துணியை எடுத்தாள். அப்போது பின்னால் வாசலில் கிடந்த சருகு சரசரவென்று மிதிபடும் சத்தம் கேட்டது. ஒரே இடத்தில் யாரோ சுற்றிச் சுற்றி வருவதுபோல இருந்தது. பிறகு, நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டுப் போனதுபோல, தொப்பென்று ஒரு பெரிய சத்தம். தரை அதிர்ந்தது, புழுதி பறந்தது. அதைத் தொடர்ந்து, வீட்டுப் பாரமெல்லாம் தன் தலையில்தான் என்பதுபோல நீளமான ஒரு பெருமூச்சு.

செத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். புழுதி அடங்கியபோது புகையன் ஒருக்களித்துக் கால்களை நீட்டிப்போட்டுக் கிடந்தான். ஒரு கண் மட்டும் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னல நடிப்பு இது?”

“நடிப்பு இல்லம்மா. இருக்கேன்னு சொன்னா நீ நம்ப மாட்டேங்குத. அதான் விழுந்து காட்டுதேன். எந்திரிச்சுப் போனா மறுபடி வந்து படுக்கணும், மறுபடி விழணும். ஒரு சத்தம்தான் கேட்டிருக்குன்னா நான் விழுந்த எடத்துலதான் கெடக்கேன்னு அர்த்தம். நீ திரும்பிப் பாக்க வேண்டாம்.”

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று வெயிலுகந்தாளுக்கு உடனே தோன்றியது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான். ஆனால் என்ன சூது? தாச்சியைப் பார்த்துக் கிண்டிக்கொண்டே யோசித்தாள். எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து மெதுவாகப் படுத்தால்? சருகு காட்டிக்கொடுத்துவிடும். போனவன் வராமலே இருந்தால்? பின்னால் கேட்கும் மூச்சுச் சத்தம் நின்றுவிடும். அவள் ஒவ்வொரு ஓட்டையாகத் தேடினாள், தேடிக்கொண்டே கிண்டினாள். எந்த ஓட்டையும் அகப்படவில்லை. அதற்குள் பாகு கெட்டியாகித் துடுப்பில் சுருண்டு வந்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தாள், கோலி மாதிரி உருண்டது. இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றினாள்.

மத்தியானம் தங்கப்பழம் கயிற்றோடு வந்து நின்றான். முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு வேண்டாம்” என்றாள் அவள். “இவன் என்னமோ புதுசாத் திட்டம் போடுதான். என்னான்னு கண்டுபிடிக்காம அனுப்ப முடியாது.”

அவளுடைய சந்தேகம் அந்த நாய்க்குச் செய்த ஒரே நன்மை இதுதான். தங்கப்பழம் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அவள் மனசு மாறுவதற்குள் வேகமாக மரத்தில் ஏறிவிட்டான்.

அதன்பிறகு வந்த நாட்களில் புகையன் விழாத விதம் இல்லை. தடம் பதியவில்லை என்று சொன்னாளே என்று, விழுமுன் நாலு சுற்றுச் சுற்றித் தடத்தைப் பதித்தான். வயிற்றை அமுக்கிப் பார்த்தாளே என்று, சிலநேரம் மல்லாந்து விழுந்து நாலு காலையும் ஆகாசத்துக்குக் காட்டினான். வாயை மோந்து பார்த்தாளே என்று, முகவாயைத் தரையில் டொக்கென்று வைத்து, மூச்சை அவள் பக்கமாக ஊதினான். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பாமல் காதால் மட்டும் கேட்டுக்கொண்டாள். கை கிண்டிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளில் பரணில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. நாய் விழ ஆரம்பித்த பிறகு போட்ட கருப்பட்டிகள் உலர்ந்து, தட்டினால் கல்போல ஒலித்தன. பழையவை மட்டும்தான் மினுங்கின. யாராக இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பார்கள். வெயிலுகந்தாள் யோசிக்கவே இல்லை. ஒன்று புரிந்துவிட்டது என்று குதித்தாள். சத்தம் போட்டு விழுவதால் இப்போது எழுந்து போக முடியவில்லை, நக்க முடியவில்லை, அதனால்தான் புதியவை தப்பித்திருக்கின்றன. அப்படியானால் முன்பு நக்கியவன் இவன்தான் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

பழைய கருப்பட்டி ஒன்றைத் துணியால் நன்றாகத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாயின் முன்னால் போய் நின்றாள். உலர்ந்திருக்கும் இதை நீ எப்படி ஈரமாக்கினாய், இப்போதாவது ஒத்துக்கொள் என்று ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்தால் அவள் சீக்கிரம் நிறுத்துகிறவள் இல்லை. அவன் குட்டியாக வந்ததிலிருந்து தொடங்கினாள். கடற்காற்று வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பாதிப் பேச்சில் அவள் மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துக் கையைப் பார்த்தாள்.

உள்ளங்கையில் இருந்த கருப்பட்டி மினுங்கியது. அதன் விளிம்பில் ஒரு துளி திரண்டு, பெருத்து, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. அவள் கை புகையனின் நாக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அவன் வாயைக்கூடத் திறக்கவில்லை.

அவள் பேச்சு நின்றது. கருப்பட்டியை இரண்டாக உடைத்தாள். கடக்கென்று உடையவில்லை, பிய்ந்து வந்தது. உள்ளே இளகிப்போய்ப் பதமில்லாமல் இருந்தது. பதம் வராத கருப்பட்டி கடற்காற்றில் கசியும் என்பது பனங்காட்டில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தன் கையால் போட்ட கருப்பட்டிக்கும் அது பொருந்தும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு நாளும் தாச்சியை ஏன் முந்தி இறக்கினாள், யாரைப் பார்க்க ஓடினாள் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எறும்புகள் சொன்னதும் ஞாபகம் வந்தது. கருப்பட்டியைக் கெடுத்தது அவளுடைய ஓட்டம்தான். வேறு யாருமே இல்லை.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை. தேரிக்கு அந்தப் பக்கம் இந்த உயிரை அனுப்பியிருப்போமே என்று நினைத்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பழைய கருப்பட்டிகளையெல்லாம் தாச்சியில் போட்டு உருக்கி, இந்தத் தடவை பதம் தப்பாமல் காய்ச்சி ஊற்றினாள். கொஞ்சம் குறைந்தாலும் பெரும்பகுதி தேறிவிட்டது. மழைக்காலத்துக்கு நெல் வந்து சேர்ந்துவிடும். தங்கப்பழம் வந்ததும் சட்டியை மெதுவாக வைத்தாள். அவன் சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்ன ஆபத்து வரப்போகிறதோ என்று பயந்தபடியே குடித்தான்.

பிறகு அவள் ஓலைப்பட்டை நிறையப் பதநீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். புகையன் எழுந்து நின்றான். அவள் அவன் தலையைத் தடவினாள். அதற்குமுன் தடவியதில்லை, அதனால் அவள் கைக்கும் பழக்கமில்லை, அவன் தலைக்கும் பழக்கமில்லை.

“இனிமே நீ விழ வேண்டாம்ல” என்றாள். “முன்ன மாதிரி மெதுவாவே படுத்துக்கோ. நான் உன்ன நம்புதேன்.”

புகையன் பதநீரைக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொள்வதுபோல நாக்கைச் சுழற்றினான். அவள் முகத்தை நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தான். நல்ல முகமாகத்தான் இருந்தது. கண்ணில் ஈரம்கூட இருந்தது. ஆனால் இதே முகம்தான் சாம்பல் தூவியது, இதே கைதான் கயிறு கட்டியது. நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்குமோ, அவள் மனசில் எது கசியுமோ, யாருக்குத் தெரியும்? அவன் நாலு சுற்றுச் சுற்றினான். தொப்பென்று விழுந்தான். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான். கொஞ்சம் பொறுத்து, அவள் காதில் விழுந்ததா என்று பார்க்க ஒரு கண்ணைத் திறந்தான்.

அதன்பிறகு காலம் மாறி, விலங்குகளின் பேச்சும் போய்விட்டது. ஆனால் அன்று முதல்தான் வீட்டு நாய்கள் எல்லாம் நடுக்கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, வெட்டிப்போட்ட மரம்போல விழுந்து, உலகத்துச் சலிப்பையெல்லாம் ஒரே மூச்சில் விட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்க்கின்றன. உன்னை நம்புகிறோம் என்று நாமும் தலையைத் தடவிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நாய்தான் இன்னும் அதை நம்பவில்லை.